ஒலிம்பியாட் சாம்பியன்கள்: என் ராங்க் லிஸ்ட்



நம்ம ஹாஸ்டலில் எந்த விவாதமாவது முடிவுக்கு வந்ததாகச் சரித்திரம் உண்டா? 1983-ல் கோப்பை வென்ற கபில்தேவ் அணி பெரிசா, 2011-ல் வென்ற தோனி அணி பெரிசா என்று ஒருத்தன் வாயைத் திறந்தால் போதும், மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகும் வரை ஓயாது. இந்த மலரில் நான் எடுத்துக்கொண்டிருப்பதும் அந்த வகை விவாதம்தான். ஆனால் கிரிக்கெட்டைத் தொடப்போவதில்லை. நம் மாவட்டத்திலேயே உலகம் முழுக்க வந்து விளையாடிவிட்டுப் போன ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் செஸ் ஒலிம்பியாட்.

செங்கல்பட்டில் பஸ் ஏறி திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம். அங்கே பூஞ்சேரியில் 2022 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 9 வரை 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. முதலில் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். மார்ச்சில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது. நாலே மாதத்தில் ஏற்பாடு! ஓபன் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். அணிக்கு நான்கு பேர் ஆடினால் எத்தனை போர்டு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 700 போர்டு! வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, இதுவரை ஒலிம்பியாடில் ஜெயித்த அணிகளில் மிகப் பெரிய அணி எது? 2024 வரை நடந்த போட்டிகளை வைத்து ஒரு ராங்க் லிஸ்ட் போட்டிருக்கிறேன்.

விதிமுறை கொஞ்சம்

செஸ் தெரியாத நண்பர்களுக்காக ஒரு பாரா. செஸ் தனி ஆள் விளையாட்டு. ஆனால் ஒலிம்பியாடில் நாலு பேர் வரிசையாக நாலு போர்டில் உட்காருவார்கள். ஐந்தாவது ஆள் ரிசர்வ். ஒரு போர்டில் ஜெயித்தால் 1, டிரா என்றால் அரை. நாலு போர்டையும் கூட்டி இரண்டரை வந்துவிட்டால் அந்த மேட்ச் உங்களுடையது. மேட்சை ஜெயித்தால் 2 பாயிண்ட், டிரா என்றால் 1. மொத்தம் 11 ரவுண்டு, ஆக அதிகபட்சம் 22.

இந்த மேட்ச் பாயிண்ட் முறை 2008-ல்தான் வந்தது. அதற்கு முன்பு எல்லா போர்டு பாயிண்டையும் மொத்தமாகக் கூட்டி யார் அதிகம் என்று பார்ப்பார்கள். பழைய அணியையும் புது அணியையும் ஒப்பிடும்போது இதுதான் சிக்கல். ஒன்றை அங்குலத்திலும் இன்னொன்றை மில்லிமீட்டரிலும் அளந்துவிட்டு எது நீளம் என்று கேட்க முடியுமா? ஒர்க்‌ஷாப்பில் சார் விடுவாரா?

ஆகவே முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆடிய ஆட்டங்களில் எத்தனை சதவீதம் எடுத்தார்கள்?
2. இரண்டாவது வந்த அணியை எவ்வளவு தூரம் பின்னால் விட்டார்கள்?
3. எதிரே உட்கார்ந்தவர்கள் யார்?
4. ஒரு போர்டு சரிந்தபோது, அல்லது நிலைமையே சரியில்லாதபோது, மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

நாலாவதைத்தான் நான் ரொம்ப முக்கியம் என்பேன். நட்சத்திரம் எல்லா ஊரிலும் உண்டு. நட்சத்திரம் தோற்கிற அன்றைக்குத்தான் அது அணியா, நாலு தனி ஆட்களா என்று தெரியும்.

ஐந்தாம் இடம்: உக்ரைன் பெண்கள், மாமல்லபுரம் 2022

சொந்த நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. மரியா முசிச்சுக், அன்னா முசிச்சுக் என்ற அக்கா தங்கையும், உஷெனினா, புக்சா, ஒஸ்மாக் ஆகியோரும் நம் கடற்கரைக்கு வந்து உட்கார்ந்தார்கள். தரவரிசையில் முதலிடம் இந்தியாவுக்கு. கடைசி ரவுண்டு வரைக்கும் முன்னணியில் இருந்ததும் நம் பெண்கள்தான். கடைசி நாள் அமெரிக்காவிடம் 1-3 என்று நாம் தோற்க, உக்ரைன் 18 பாயிண்டோடு தங்கம் கொண்டுபோனது. ஜார்ஜியாவும் அதே 18. டை-பிரேக்கில்தான் முடிவானது. நமக்கு வெண்கலம். நிறைமாதக் கர்ப்பத்தோடு ஹரிகா ஆடி வாங்கிய வெண்கலம் அது.

முதல் இரண்டு அளவுகோலில் இந்த அணிக்கு மார்க் கம்மிதான். நாலாவதில் யாராலும் இவர்களை மிஞ்ச முடியாது.

நான்காம் இடம்: உஸ்பெகிஸ்தான், மாமல்லபுரம் 2022

ஓபன் பிரிவில் அமெரிக்காவுக்குத்தான் முதல் தரவரிசை. உஸ்பெகிஸ்தான் 14-வது. யார் கண்ணிலும் படாத இடம். அப்துசத்தோரோவுக்கு 17 வயது, சிந்தரோவுக்கு 16, யாகுபோயேவுக்கும் ஷம்சிதின் வகிதோவுக்கும் 20. கொஞ்சம் பெரியவர் ஜஹோங்கிர் வகிதோவ் ஒருவர்தான். நம்ம ஃபர்ஸ்ட் இயர், தேர்ட் இயர் பசங்க வயசு! 8 வெற்றி, 3 டிரா, தோல்வியே கிடையாது. 19 பாயிண்ட். ஆர்மீனியாவும் 19 எடுத்தும் டை-பிரேக்கில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு.

அந்த ஆண்டு பதக்கம் வாங்கிய மூன்று அணிகளின் தரவரிசையைப் பாருங்கள். தங்கம் 14, வெள்ளி 12, வெண்கலம் 11. முதல் பத்தில் இருந்த ஓர் அணிக்கும் பதக்கம் இல்லை. அமெரிக்கா ஐந்தாவது.

அந்த 11-வது அணிதான் நம் 'இந்தியா-2'. குகேஷ், நிஹல் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக். பயிற்சியாளர் ஆர்.பி.ரமேஷ். குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தார். பத்தாவது ரவுண்டில் உஸ்பெகிஸ்தானோடு மோதல். நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தை குகேஷ் அப்துசத்தோரோவிடம் இழந்தார். பிரக்ஞானந்தா சிந்தரோவை ஜெயித்து 2-2 என்று மேட்சைக் காப்பாற்றினார். ஆனால் தங்கம் நழுவிவிட்டது. இந்தப் பத்தாவது ரவுண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வரும்.

மூன்றாம் இடம்: ஹங்கேரி பெண்கள், தெசலோனிக்கி 1988

1957-ல் பெண்கள் ஒலிம்பியாட் தொடங்கியதிலிருந்து 1986 வரை சோவியத் பெண்கள் கலந்துகொண்டது 11 முறை. பதினொன்றிலும் தங்கம். அந்தக் கோட்டையை உடைத்தது ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் நம்புவீர்களா? சூசன் போல்கர் 19, சோஃபியா 14, ஜூடிட் 12. கூடவே இல்டிகோ மாட்ல். அப்போது பெண்கள் பிரிவில் மூன்று போர்டுதான்.

ஹங்கேரி 33, சோவியத் 32½. வித்தியாசம் அரை பாயிண்ட்! இதில் 12 வயது ஜூடிட் மட்டும் 13 ஆட்டத்தில் 12½ எடுத்தார். நம் ஊரில் ஏழாங்கிளாஸ் படிக்கிற வயது. போட்டி முடிவதற்குள் சோவியத் அணியின் அஹ்மிலோவ்ஸ்கயா, அமெரிக்க அணியின் கேப்டனைக் கல்யாணம் செய்துகொண்டு கிளம்பிவிட்டார் என்பதும் உண்மை. அவர் அதுவரை 9-க்கு 8½ எடுத்திருந்தார். அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அதனால்தான் மூன்றாம் இடத்தோடு நிறுத்தினேன். ஆனால் 1990-லும் இதே சகோதரிகள் தங்கம் வென்றார்கள். அதிர்ஷ்டம் இரண்டு தடவை வராது பாருங்கள்.

இரண்டாம் இடம்: சோவியத் யூனியன், லைப்சிக் 1960

செஸ் தெரிந்த பெரியவர் யாரைக் கேட்டாலும் இந்த அணியைத்தான் முதலில் சொல்வார்கள். முதல் போர்டில் மிகைல் தால், அந்த ஆண்டுதான் உலக சாம்பியன் ஆனவர். இரண்டாவதில் போட்வின்னிக், அதே ஆண்டு தாலிடம் பட்டத்தை இழந்தவர், மறு ஆண்டே திரும்ப வாங்கியவர். பிறகு கெரெஸ், கோர்ச்னாய். அப்போதெல்லாம் ரிசர்வ் இரண்டு பேர். ஒருவர் ஸ்மிஸ்லோவ், முன்னாள் உலக சாம்பியன். இன்னொருவர் பெட்ரோசியன், 1963-ல் உலக சாம்பியன் ஆகப்போகிறவர். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களே இப்படி!

முதல் சுற்றும் இறுதிச் சுற்றும் சேர்த்து 80 ஆட்டம். தோற்றது ஒன்றே ஒன்று. இங்கிலாந்தின் பென்ரோஸ் தாலை வீழ்த்தினார். இறுதிச் சுற்றில் 44-க்கு 34, அதாவது 77.3 சதவீதம். இரண்டாவது வந்த அமெரிக்கா, பாபி ஃபிஷர் முதல் போர்டில் இருந்தும், 29-தான்.

நமக்கும் இதில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதே லைப்சிக்கில் இந்தியாவின் முதல் போர்டில் ஆடியவர் நம் தமிழ்நாட்டின் மானுவல் ஏரன். அங்கே அவர் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயையே ஜெயித்தார். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972-ல் மெட்ராஸ் சோவியத் கலாசார மையத்தில் தால் பெயரிலேயே ஒரு செஸ் கிளப் தொடங்க முன்னின்றார். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாகப் போய் ஆடிப் பழகியது அந்தக் கிளப்பில்தான்.

முதல் இடம்: இந்தியா, புடாபெஸ்ட் 2024

"அட போப்பா, நம்ம ஊர்ப் பாசம்" என்று சிலர் சிரிப்பது கேட்கிறது. சிரிக்கும் முன் அளவுகோலை எடுங்கள்.

குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன் எரிகைசி, விதித், ஹரிகிருஷ்ணா. கேப்டன் ஸ்ரீநாத் நாராயணன். 11 மேட்சில் 10 வெற்றி, உஸ்பெகிஸ்தானோடு மட்டும் டிரா. 22-க்கு 21. அடுத்து வந்த அமெரிக்காவும் உஸ்பெகிஸ்தானும் 17. நாலு பாயிண்ட் வித்தியாசம் என்றால் இரண்டு முழு மேட்ச்.

போர்டு பாயிண்ட் பார்க்கலாமா? 44 ஆட்டத்தில் 27 வெற்றி, 16 டிரா, 1 தோல்வி. மொத்தம் 35, அதாவது 79.5 சதவீதம். லைப்சிக் இறுதிச் சுற்றிலும் 44 ஆட்டம்தான் என்பதால், இந்த ஒரு இடத்தில் இரண்டு அணிகளையும் ஒரே ஸ்கேலில் வைக்க முடிகிறது. 34-க்கு 35.

"லைப்சிக் இறுதிச் சுற்றில் எல்லாமே தேர்ந்தெடுத்த 12 அணிகள். புடாபெஸ்டில் முதல் ஓரிரு ரவுண்டு சின்ன அணிகள்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1960-ல் வந்தது 40 அணிகள், பலமான ஆட்டக்காரர்களில் பெரும்பகுதி சோவியத்தில். 2024-ல் வந்தது 190-க்கும் மேல். இப்போது முன்னணி அணி எதுவானாலும் நாலு போர்டிலும் கிராண்ட்மாஸ்டர். சுவிஸ் முறையில் ஜெயிக்க ஜெயிக்கப் பலமான ஆளைத்தான் எதிரே உட்கார வைப்பார்கள். சீனா, அமெரிக்கா, உஸ்பெகிஸ்தான் யாரும் விட்டுப்போகவில்லை.

இப்போது அந்தப் பத்தாவது ரவுண்டு. எதிரே அமெரிக்கா. பிரக்ஞானந்தா வெஸ்லி சோவிடம் தோற்றார். அந்தப் போட்டி முழுவதிலும் இந்தியா தோற்ற ஒரே ஆட்டம் அது. பக்கத்து போர்டில் குகேஷ் ஃபேபியானோ கருவானாவை ஜெயித்தார். அர்ஜுன் டொமிங்கெஸை ஜெயித்தார். விதித் அரோனியனோடு டிரா. இரண்டரைக்கு ஒன்றரை! மாமல்லபுரத்தில் குகேஷ் சரிந்த அன்று பிரக்ஞானந்தா தாங்கினார். புடாபெஸ்டில் பிரக்ஞானந்தா சரிந்த அன்று குகேஷ் தாங்கினார். நாலாவது அளவுகோல் என்று நான் சொன்னது இதைத்தான். பெண்கள் பிரிவிலும் அன்றே இந்தியாவுக்குத் தங்கம். அந்த அணியில் பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி. அதே டிசம்பரில் 18 வயது குகேஷ் உலக சாம்பியன்.

லிஸ்டில் இடம் கிடைக்காமல் போனவர்களில் ஆர்மீனியாவை மட்டுமாவது சொல்லியாக வேண்டும். சுமார் 30 லட்சம் மக்கள் உள்ள நாடு. 2006, 2008, 2012 என மூன்று தங்கம். ஆறாம் இடம் என்று ஒன்று போட்டால் அவர்களுக்குத்தான்.

நண்பர்களே, கடைசியாக ஒன்று

"டிப்ளமோதானே?" என்ற கேள்வியைக் கேட்காதவர் நம்மில் யார்? உறவினர் வீட்டு விசேஷத்தில் கேட்கிறார்கள். இன்டர்வியூ வரிசையில் இன்ஜினியரிங் முடித்தவன் பார்வையிலேயே கேட்கிறான். அது நம் தரவரிசை எண், அவ்வளவுதான். போட்டி ஆரம்பிக்கும் முன்னால் ஒட்டுகிற எண். 14 என்ற எண்ணோடு 16 வயதிலும் 17 வயதிலும் பூஞ்சேரிக்கு வந்தவர்கள் போகும்போது தங்கத்தோடு போனார்கள். முதல் எண்ணோடு வந்தவர்கள் ஐந்தாவதாகப் போனார்கள். 11 ரவுண்டு உட்கார்ந்து ஆடியதுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் இருக்கிறது. லேபில் நாலு பேர் ஒரு பேட்ச், பிராஜெக்டில் நாலு பேர் ஒரு குழு. ஒருத்தனுக்கு அரியர் விழுந்தால் "அவன் பாடு" என்று நகர்ந்துவிடுகிறோம். ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் ஆட முடியாது, வாஸ்தவம். ஆனால் பக்கத்து போர்டில் நம் ஆட்டத்தை ஒழுங்காக ஆடித் தாங்க முடியும்.

என் லிஸ்ட் இதுதான். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். வரும்போது உங்கள் அளவுகோலையும் கையோடு கொண்டு வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை