‘சாப்பிட்டாச்சா?’ என்று எத்தனை மொழிகளில் கேட்கலாம்?

கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ பேருந்தில் போனவர்கள் யோங் பெங்கில் ஒரு தடவையாவது இறங்கியிருப்பார்கள். பத்து பஹாட் மாவட்டத்தில் இருக்கும் இந்தச் சிறிய ஊர், நெடுந்தூரப் பேருந்துகள் சாப்பாட்டுக்காக நிற்கும் இடமாக வெகுகாலமாகப் பெயர் பெற்றது. அங்கே ஒரு மேசையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். மலாய், மெண்டரின், ஃபூச்சோவ், தமிழ், ஆங்கிலம் எல்லாம் காதில் விழுந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரிலிருந்து வந்த என் அத்தை மகனோடு அங்கே இறங்கினேன். அவன் கெட்டிக்காரன். விமானத்தில் வரும்போதே ஒரு குட்டி நோட்டில் ஐம்பது மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரரைப் பார்த்து, “தே தாரிக் துவா!” என்றான்.

கடைக்காரர் ஒரு நொடி விழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டி, “துவா?” என்று திருப்பிக் கேட்டார். அவர் சொன்னது வேறு ‘து’. உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். என் அத்தை மகன் கேட்டது ‘வயதான தேநீர்’. அவன் கேட்க நினைத்தது ‘இரண்டு தேநீர்’.

நோட்டைப் பார்த்தேன். இரண்டு சொல்லும் அதில் ஒரே மாதிரிதான் இருந்தன: துவா, துவா. ‘தம்பி’யில் வரும் த ஒலியில் தொடங்கினால் முதுமை, ‘பந்து’வில் வரும் த ஒலியில் தொடங்கினால் இரண்டு. தமிழில் இந்த இரண்டு ஒலிகளும் இருக்கின்றன. ஆனால் எழுத்து ஒன்றுதான். சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ஒரு விதம், மெல்லின எழுத்தை அடுத்து வந்தால் இன்னொரு விதம் என்று இடமே ஒலியைத் தீர்மானித்துவிடுவதால் நமக்கு இரண்டு எழுத்து தேவைப்படவில்லை. மலாயில் அப்படி இல்லை. அங்கே ஒலி மாறினால் பொருளே மாறிவிடும். காலை வணக்கம் சொல்ல ‘செலாமாட்’ என்பதற்குப் பின்னால் வரும் ‘பாகி’யில் ‘ப’ ‘பல்’லைப் போல ஒலித்தால் காலை, ‘தம்பி’யின் ‘பி’யைப் போல அதிர்ந்தால் ‘கொடு’ என்று ஆகிவிடும்.

அந்த அதிர்வைக் கையால் தொட்டே பார்க்கலாம். தொண்டையில் இரண்டு விரலை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள். எதுவும் நடக்காது. ‘ம்ம்ம்’ என்று சொல்லுங்கள். விரலுக்குக் கீழே குரல்வளை அதிரும். உதடு திறப்பதற்கும் குரல் நாண்கள் அதிரத் தொடங்குவதற்கும் இடையே உள்ள நேரம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த இடைவெளியை வைத்துத்தான் நம் காது ஒலிகளைப் பிரிக்கிறது. 1964ஆம் ஆண்டு லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 11 மொழிகளில் இந்த இடைவெளியை அளந்து வெளியிட்டார்கள். ஒலியியலில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. அந்தப் 11 மொழிகளில் தமிழும் ஒன்று, கான்டனீஸும் ஒன்று.

அத்தை மகனைப் பார்த்து நான் சிரித்தது உண்மை. அன்று மாலையே எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது.

சீன நண்பர்களிடம் ‘சாப்பிட்டாச்சா?’ என்று மெண்டரினில் கேட்க நான் கற்று வைத்திருந்தேன். ‘ச்சி பாவ் ல மா?’ இதில் ‘பாவ்’ என்றால் வயிறு நிறைவது. அதைக் கொஞ்சம் பாணியாகச் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் ‘பேப்பர்’ என்று சொல்லும்போது வருவதுபோல மூச்சை ஊதிச் சொன்னேன். மூச்சு ஊதினால் அது வேறு சொல். ‘ஓடு’ என்று பொருள்! ஒரு துண்டுக் காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்து, ஆங்கிலப் ‘பேப்பர்’, தமிழ்ப் ‘பல்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் காகிதம் ஆடும், இரண்டாவதில் ஏறக்குறைய ஆடாது. வயிறு நிறைவதைச் சொல்ல நம் ‘பல்’லின் ‘ப’தான் சரி. நான் பேசாமல் தமிழனாகவே சொல்லியிருக்கலாம்.

அதோடு முடியவில்லை. அதே ‘பாவ்’ஐ எந்தச் சுருதியில் சொல்கிறோம் என்பதும் முக்கியம். உயர்த்தி, சமமாக நீட்டினால் பொட்டலம். நாம் கடையில் கேட்கும் ‘தப்பாவ்’வின் கடைசியில் ஒட்டியிருப்பது இந்தச் சொல்லின் உறவுதான். கீழிருந்து மேலே ஏற்றினால் ‘மெல்லிய’. கீழே இறக்கிச் சற்று எழுப்பினால் வயிறு நிறைவது. மேலிருந்து சட்டென்று இறக்கினால் செய்தித்தாள், அல்லது கட்டிப்பிடிப்பது. சுருதி நமக்குப் புதிது அல்ல. ‘அப்படியா?’ என்று வியப்பதற்கும், ‘அப்படியா…’ என்று அலுத்துக்கொள்வதற்கும் இடையே ஒரு எழுத்துகூட மாறுவதில்லை, சுருதிதான் மாறுகிறது. நாம் அதை மனநிலையைக் காட்டப் பயன்படுத்துகிறோம். மெண்டரின் சொற்பொருளைக் காட்டப் பயன்படுத்துகிறது. நோட்டில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வைத்தால் முதலில் காணாமல் போவது இதுதான்.

சரி, காதால் கேட்டே கற்கலாம் என்றால், காதும் நம்மை ஏமாற்றும். 1984ஆம் ஆண்டு கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற உளவியலாளர்கள், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். நம் தமிழிலும் உள்ள அதே வேறுபாடுதான். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டையும் பிரித்து அறிந்தார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே பிரித்தார்கள். முதல் பிறந்தநாள் கேக் வெட்டும் முன்பே, ‘இந்த வேறுபாடு என் வீட்டில் தேவையில்லை’ என்று மூளை முடிவெடுத்துவிடுகிறது! ஆகவே சீன நண்பர் ஒருவர் ‘பாட்டி’யைப் ‘பாத்தி’ என்று சொன்னால் அவருக்கு அக்கறை இல்லை என்று பொருள் அல்ல. அவர் காதில் இரண்டும் ஒன்றாகவே விழலாம். அவருடைய சுருதிகள் நம் காதில் ஒன்றாக விழுவதுபோல.

மூடிய கதவு பூட்டப்பட்ட கதவு அல்ல. ஆங்கிலத்தின் ர, ல ஒலிகளைப் பிரிக்கத் திணறும் ஜப்பானியர்களுக்கு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பெரியவர்களும் முன்னேறினார்கள். பலருடைய குரல்களில் கேட்டுப் பழகியவர்களுக்கு, முன்பின் கேட்டறியாத புதிய குரல் வந்தபோதும் அந்தப் பயிற்சி கைகொடுத்தது. ஒரே காணொளியை ஐம்பது தடவை கேட்பதைவிட, கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளித் தோழி, பேருந்து ஓட்டுநர் என்று பல வாய்களில் ஒரு சொல்லைக் கேட்பது நல்லது என்று இதை வைத்துச் சொல்லலாம்.

யோங் பெங்குக்குத் திரும்புவோம். ‘நிலைத்த அமைதி’ என்று பொருள்படும் சீனப் பெயர் கொண்ட இந்த ஊரில் சீனாவின் ஃபூச்சோவ் வட்டாரத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் மிகுதி. 1901இல் சரவாக்கின் சிபுவிலும் 1903இல் பேராவின் சித்தியவானிலும் குடியேறிய ஃபூச்சோவ் மக்களைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் பேசும்; யோங் பெங்கை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மாவை வட்டமாகத் தட்டி அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் ‘கோம் பியாங்’ ரொட்டி அவர்களுடையது.

அவர்களுடைய மொழி மெண்டரின் அல்ல. மெண்டரினில் நான்கு சுருதிகள் என்றால் ஃபூச்சோவில் ஏழு. அதைவிட வியப்பு, இரண்டு சொற்கள் சேரும்போது நடப்பது. முதல் சொல்லின் சுருதி மாறும், அடுத்த சொல்லின் முதல் மெய்யும் பல இடங்களில் உருமாறும். பயந்துவிடாதீர்கள். மரம் + கள் = மரங்கள், பல் + பொடி = பற்பொடி என்று இலக்கணப் பாடத்தில் புணர்ச்சி படித்தவர்கள்தானே நீங்கள்? சொற்கள் தொடும்போது ஒலி திரியும் என்பது தமிழ் மாணவர்களுக்குப் பழைய செய்தி. இந்த மாற்றத்தை உலக மொழியியலாளர்கள் குறிப்பதும் ‘சந்தி’ என்ற நம் பக்கத்துச் சொல்லால்தான். மெண்டரினில் வணக்கம் சொல்லும் ‘நீ ஹாவ்’ கூட ஒரு புணர்ச்சிதான். இரண்டு தாழ்ந்த சுருதிகள் அடுத்தடுத்து வரக் கூடாது என்பதால் ‘நீ’ மேலேறிவிடுகிறது. அந்த ‘நீ’க்கு மெண்டரினிலும் ‘நீ’ என்றே பொருள். தற்செயல் ஒற்றுமைதான், உறவு ஒன்றும் இல்லை. ஆனாலும் மறக்க முடியாத சொல்!

சீனப் பள்ளிகளில் பயிற்றுமொழி மெண்டரின். பேரப்பிள்ளைகள் அதில் பேசுகிறார்கள், பாட்டிகள் ஃபூச்சோவில் பேசுகிறார்கள். நடுவில் பெற்றோர் மொழிபெயர்க்கும் வீடுகள் உண்டு. இது நமக்கும் அந்நியமான கதை அல்ல. தோட்டங்களில் தெலுங்கும் மலையாளமும் பேசிய குடும்பங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு இன்று அந்த மொழியில் நலம் விசாரிக்கத் தெரியும்? உங்கள் வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள்.

‘வணக்கம், சாப்பிட்டாச்சா, நன்றி. இந்த மூன்று சொல்லைக் கற்று என்ன சாதிக்கப் போகிறோம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. போலந்தில் பிறந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, இன்றைய பப்புவா நியூ கினியைச் சேர்ந்த டுரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி மக்களின் பேச்சைக் கவனித்தவர். 1923இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், பேச்சில் ஒரு பகுதி தகவல் சொல்வதற்கே அல்ல, உறவைக் கட்டுவதற்கு என்றார். நம் ‘பசியாறியாச்சா?’ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேட்பவருக்கு நீங்கள் தின்ற இட்லியின் எண்ணிக்கை தேவையில்லை. மலாய்க்காரர் ‘சூடா மாக்கான்?’ என்கிறார், சீனர் ‘ச்சி பாவ் ல மா?’ என்கிறார், நாம் ‘சாப்பிட்டாச்சா?’ என்கிறோம். ஒரே மேசையில் மூன்று மொழிக்காரர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ‘ஆச்சு, நீங்க?’ என்று பதில் வந்தால் வேலை முடிந்தது.

அந்தச் சொற்கள் மனத்தில் தங்க வேண்டுமே! ஜெர்மானியரான ஹெர்மான் எபிங்ஹாஸ் பொருளே இல்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். பாவம், பொறுமைசாலி. ஒரு பட்டியலை ஒரே நாளில் 68 தடவை ஓதியதும், மூன்று நாள்களில் பிரித்து 38 தடவை ஓதியதும் அவருக்கு ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. பரீட்சைக்கு முதல் நாள் இரவு கண்விழிப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் மேசைமேல் ஒட்டி வைக்கலாம்.

2008இல் கார்ப்பிக்கி, ரோடிகர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்பித்தார்கள். ஒரு சொல் ஒரு முறை நினைவுக்கு வந்த பிறகு, அதைத் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு குழு. நினைவிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னது இன்னொரு குழு. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நினைவிருந்தது. எடுத்துச் சொன்னவர்களுக்கு ஏறக்குறைய 80 விழுக்காடு. நோட்டைப் பார்ப்பது படிப்பு. நோட்டை மூடிவிட்டு ஓர் ஆளிடம் பேசுவது சோதனை. அவர் சிரித்தாலும் சோதனைதான். பதின்ம வயதில் அந்தச் சிரிப்புதான் பெரிய தடை என்பது எனக்கும் தெரியும்.

பேருந்து புறப்படக் கொஞ்ச நேரம் இருந்தபோது, கோம் பியாங் விற்ற மூதாட்டி ஒருவரிடம் போனேன். ‘சாப்பிட்டாச்சா’வை ஃபூச்சோவில் எப்படிச் சொல்வது என்று மலாயில் கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. ஏழு சுருதியைத் தமிழ் எழுத்துக்குள் அடைத்தால் நீங்களும் ‘துவா’ கதைதான். நான் சொன்னேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. மறுபடி சொன்னேன். மறுபடி இல்லை. நான்காவது தடவை பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு என்னைச் சொல்லச் சொன்னார். அவர் பதில் சொன்னார். சிரிக்கவில்லை.

“உங்கள் மொழியில்?” என்று மூதாட்டி கேட்டார்.

“சாப்பிட்டாச்சா?”

“சாப்பித்தாச்சா.”

நாக்கை மேலே மடக்கிக் காட்டினேன். அத்தை மகனும் வந்து மடக்கிக் காட்டினான். இரண்டு தடவை ‘த’வே வந்தது. மூன்றாவது தடவை ஏதோ ஒரு ‘ட’ எட்டிப் பார்த்தது. ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு மலாயில் சொன்னார்: “அடுத்த தடவை வரும்போது கேளுங்கள். ஞாபகம் இருக்கிறதா என்று பார்ப்போம். உங்களுக்கும்தான்.”