மின்னட்டைச் செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன்

கடந்த ஆண்டு முதல் திருப்புதல் தேர்வில், ஜூனில் நடத்திய அறிவியல் பாடத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களைப் பலர் எழுதாமல் விட்டிருந்தனர். “அப்பவே படிச்சு ஒப்பிச்சேனே மிஸ்” என்றான் ஒருவன். உண்மைதான். கேட்டுச் சரி போட்டது நான்தான்.

ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் மறந்துவிடுகிறது என்று 1885இல் எழுதினார். மறக்கும் தறுவாயில் மீண்டும் நினைவுகூர்ந்தால் அடுத்த மறதி தள்ளிப்போகும். இடைவெளியை இப்படி மெல்ல மெல்லக் கூட்டுவதே இம்முறை. நானோ ஒரே முறை கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருந்தேன்.

உடனே ஒரு மின்னட்டைச் செயலியைப் பரிந்துரைத்தேன். இரண்டே வாரத்தில் ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். “படிக்கிறேன்னு செல்லை வாங்குறான், பார்த்தா விளம்பரம் ஓடுது மிஸ்” என்றார். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பெற்றோர் பலர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலும் லீ பஜார் மண்டியிலும் உழைப்பவர்கள். வீட்டின் ஒரே அலைபேசி இரவில் அப்பாவோடுதான் வீடு வரும். அதில் டேட்டாவும் மிச்சமிருக்காது. இதை யோசிக்காமல் தேர்ந்தெடுத்தது என் தவறு.

அதன்பின் நான்கு கேள்விகள் வைத்துக்கொண்டேன்.

1. இணையம் இல்லாமல் இயங்குமா?
2. கட்டணமும் விளம்பரமும் இல்லாததா?
3. நாமே தமிழில் அட்டை எழுத முடியுமா?
4. மாணவரின் விடையைப் பொறுத்து, அட்டை மீண்டும் வரும் நாளைச் செயலியே மாற்றுமா? பல வினாடி வினா செயலிகள் அட்டைகளைக் கலைத்துப் போடுவதோடு நின்றுவிடுகின்றன.

நான்கிற்கும் ‘ஆம்’ என்றது, 2006இல் வெளிவந்த ‘அங்கி’. ஆண்ட்ராய்டு பேசிக்கு ‘அங்கிட்ராய்டு’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐபோனில் மட்டும் கட்டணம் உண்டு. பள்ளிக் கணினியில் அட்டைகளைத் தயாரித்துக் கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்றிருந்த அமைப்பை 5 ஆகக் குறைக்கச் சொன்னேன். இல்லையெனில் நான்கு நாள் விட்டாலே மீள்பார்வை மலைபோல் சேர்ந்து, பிள்ளைகள் கைவிட்டுவிடுவார்கள்.

அலைபேசியே கிடைக்காத பிள்ளைகளுக்கு? ஜெர்மன் எழுத்தாளர் லைட்னர் 1970களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறை இருக்கிறது. செருப்புப் பெட்டியை மூன்று அறைகளாகத் தடுத்தோம். முதல் அறை தினமும், இரண்டாவது செவ்வாய்தோறும், மூன்றாவது மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். காலை வழிபாட்டுக்கு முன் பத்து நிமிடம் போதும்.

அட்டைக்கு ஒரு வினா, ஒரு விடை. ‘ஓம் விதியை விளக்குக’ என்பது அட்டைக்கு ஆகாது. ‘மின்தடையின் அலகு எது?’ என்பது ஆகும். ஐந்து மதிப்பெண் விடைக்குப் புரிதலும் எழுத்துப் பயிற்சியும்தான் வழி.

“ஒப்பிச்சேனே” என்ற அந்த மாணவனின் கையில் இருந்தது பெட்டிதான். அவன் தானே எழுதிய முதல் அட்டை: ‘வெள்ளியின் அணு எண்?’ மூன்று முறை முதல் அறைக்குத் திரும்பிய அந்த அட்டை, பொதுத்தேர்வுக்கு முன் மூன்றாம் அறையில் இருந்தது. போகிற போக்கில் கேட்டேன். “47 மிஸ்” என்றான்.

செயலியைத் தேடும் முன், உங்கள் மாணவரின் வீட்டில் அலைபேசி எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.