எம்மாவைப் பற்றி ஊரார் சொன்னவை

தாம் எழுதிய நாவலைப் படித்தவர்கள் சொன்ன நல்லதையும் பொல்லாததையும் ஒன்று விடாமல் ஓர் ஆசிரியை எழுதி வைத்துக்கொண்டார் என்றால் நம்புவீர்களா, அன்புத் தோழிகளே? ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் அம்மையார் அப்படித்தான் செய்தார். 1815-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டனில் ஜான் மரே என்ற பதிப்பாளர் அவருடைய 'எம்மா' நாவலை மூன்று பாகங்களாக வெளியிட்டார். அதன்பின் உற்றார் உறவினர், அண்டை அயலார், நண்பர்களின் நண்பர்கள் என்று ஏறக்குறைய 40 பேர் கூறிய அபிப்பிராயங்களை அம்மையார் தம் கைப்படச் சில தாள்களில் குறித்து வைத்தார். அத்தாள்கள் இன்றும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் நாவலை முடித்த கையோடு இக்குறிப்புகளையும் படித்தோம். அவை நாவலுக்குச் சற்றும் இளைத்தவை அல்ல!

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஹைபரி என்பது ஒரு சிற்றூர். அங்கே எம்மா உட்ஹவுஸ் என்பவள் இருபத்தொரு வயதை நெருங்கும் செல்வச் சீமாட்டி, தாயை இழந்தவள். தந்தையோ எதை உண்டாலும் உடம்புக்கு ஆகாது என்று நடுங்குபவர். கல்யாணக் கேக்கைக்கூட யாரும் தொடக்கூடாது என்பார். நீர்த்த கஞ்சிதான் அவருக்குத் தேவாமிர்தம். தன்னை வளர்த்த ஆசிரியைக்குத் திருமணம் நடந்தது தன்னுடைய சாமர்த்தியத்தால்தான் என்று எம்மா எண்ணிக்கொள்கிறாள். அவ்வளவுதான்! ஆயிரங்காலத்துப் பயிர் என்று நம் பெரியோர் சொல்லும் திருமணம் அவள் கையில் சொக்கட்டான் காயாகிவிடுகிறது. பதினேழு வயது ஹாரியட் ஸ்மித்தை ராபர்ட் மார்ட்டின் என்ற நல்ல விவசாயி மணக்க விரும்புகிறான். எம்மாவின் பேச்சைக் கேட்டு ஹாரியட் அவனை மறுத்துவிடுகிறாள். ஊர்க் குருவான திரு. எல்டனுக்கு அவளை முடித்துவைப்பது எம்மாவின் திட்டம். (நம் குருக்களைப் போலன்றி இங்கிலாந்துத் திருச்சபையின் குருமார் மணம் செய்துகொள்ளலாம்.) கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்து முடிந்து வண்டியில் திரும்பும்போது திரு. எல்டன் எம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு எம்மாவிடமே மணம் பேசுகிறார்! இப்படி அவள் போட்ட கணக்கெல்லாம் தவறிப்போய், முடிவில் மூன்று ஜோடிகள் சேருகிறார்கள். அவற்றுள் ஒன்றுகூட அவள் போட்ட முடிச்சு அன்று, அவளுக்கும் திரு. நைட்லிக்கும் நடக்கும் திருமணம் உட்பட.

இனி ஊரார் வாய்க்கு வருவோம். அம்மையாரின் தாயாரே முழு மதிப்பெண் தரவில்லை. முந்தைய நாவலான 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கைவிட இது வேடிக்கையாக இருக்கிறதாம். ஆனால் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' அளவுக்குச் சுவையில்லையாம். கப்பற்படைத் தலைவராயிருந்த தம்பி சார்ல்ஸ் கடற்பயணத்திலேயே மூன்று முறை படித்து மகிழ்ந்தார். திரு. ஃபவுல் என்பவர் நாவல் சுவையற்றது என்று யாரோ சொல்லக் கேட்டு முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்துக் கடமையை முடித்துக்கொண்டார். (தேர்வுக்கு முந்தின இரவு நம்மில் சிலர் கையாளும் முறை!) எழுதியவரைத் தெரிந்திராவிட்டால் படித்து முடித்திருப்பதே கடினம் என்றார் அண்டை வீட்டுத் திருமதி டிக்வீட். திருமதி டிக்ஸன் சொன்ன காரணம் எங்கள் வகுப்பையே சிரிப்பில் ஆழ்த்தியது: கதையிலும் ஒரு டிக்ஸன் தம்பதியர் வருகிறார்களாம், அதனால் அவருக்குப் பிடிக்கவில்லையாம்! திரு. காக்கரெல் சொன்னதோ எவ்வளவு கடுமையாக இருந்ததென்றால், அதை அத்தைக்கு எழுதி அனுப்பவே அண்ணன் மகள் ஃபேனிக்கு மனம் வரவில்லை. 'சொல்ல மறுத்துவிட்டாள்' என்ற செய்தியையும் அம்மையார் விடாமல் குறித்துக்கொண்டார்.

புகழ்ந்தவர்களும் உண்டு. இலக்கியங்களை ஈவிரக்கமின்றிச் சாடுபவர் என்று பெயர் பெற்ற 'எடின்பரோ ரெவ்யூ' ஆசிரியர் ஜெஃப்ரி மூன்று இரவுகள் இதைப் படித்துக்கொண்டு விழித்திருந்தாராம். திருமதி கேஜ் என்பவர் ஹாரியட்டின் 'பொக்கிஷங்களை'ப் படித்துச் சிரித்துச் சிரித்து உயிர் போகாத குறை என்று எழுதினார். அவை என்ன தெரியுமா? திரு. எல்டன் தொட்ட பிளாஸ்திரித் துண்டு ஒன்று. அவர் எறிந்துவிட்ட, எழுதும் கரி தீர்ந்த பென்சில் நுனி ஒன்று. இவற்றை அந்தப் பேதைப் பெண் பெட்டியில் பொதிந்து வைத்துப் பூஜை செய்கிறாள்.

கதை முழுவதும் கல்யாணப் பேச்சுதானா என்று குறைப்பட்டுக்கொண்டவர் செல்வி பிக். இங்கே ஒரு செய்தியைக் கூறாமலிருக்க முடியவில்லை. இந்தச் செல்வி பிக்கின் தம்பியை மணக்க 1802-இல் ஜேன் ஆஸ்டின் ஒருநாள் மாலை சம்மதித்து, மறுநாள் காலையே மறுத்துவிட்டார். பெரிய மாளிகைக்கு வாரிசு அவர். அதன் பிறகும் அவருடைய சகோதரியரோடு அம்மையாரின் நட்பு முறியவில்லை.

திரு. எல்டனைப் படைத்த விதம் சிலருக்குக் கோபமூட்டியது. திரு. ஷெரர் என்ற குருவானவர் நாவலில் குருமாரைத் தீட்டிய முறையில் அதிருப்தி கொண்டார். அம்மையாரின் தந்தையும் ஒரு குருவானவர், மூத்த அண்ணனும் அப்படியே. ஆகவே அறியாமையால் எழுதிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது.

தம்மைத் தவிர வேறெவருக்கும் அதிகம் பிடிக்காத ஒரு கதாநாயகியைப் படைக்கப்போவதாக அம்மையார் முன்பே கூறியிருந்தாராம். 1870-இல் அவருடைய அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது காணப்படுகிறது. அப்படியே நடந்தது. ஃபேனிக்கு எம்மாவைச் சகிக்கவே முடியவில்லை. இப்படிப்பட்ட பெண்ணைக் காட்டிப் பெண்குலத்தையே அம்பலப்படுத்திவிட்டார் என்று செல்வி ஹெரிஸ் வருந்தினார். எங்கள் வகுப்பிலும் இதே சண்டைதான். 'திமிர் பிடித்தவள்' என்று ஒரு சாரார்; 'தன் குற்றத்தை உணர்ந்து வெட்கப்படுகிறவள் எப்படித் தீயவளாவாள்?' என்று மறுசாரார். இரண்டாம் கட்சியே எங்களுக்குச் சரியென்று படுகிறது. ஏனென்று சொல்கிறோம்.

ஊரில் செல்வி பேட்ஸ் என்று ஒரு முதிர்கன்னி இருக்கிறார். வாயைத் திறந்தால் மூடமாட்டார். ஆப்பிள் பழத்தில் தொடங்கி, மூக்குக் கண்ணாடிக்குத் தாவி, மருமகளின் கடிதத்தில் வந்து நிற்பார். அவரைப் பற்றிப் பேசிய வாசகர் பலரும் வேடிக்கைப் பாத்திரமாகவே கண்டார்கள். இவர் நல்ல படைப்புத்தான், ஆனால் அளவு சற்று மிகுதி என்றார் ஓர் உறவினர். 1816-இல் 'குவார்ட்டர்லி ரெவ்யூ' இதழில் பெயரிடாமல் மதிப்புரை எழுதிய சர் வால்டர் ஸ்காட்டும், அன்றாட வாழ்வை அப்படியே வரையும் திறத்தைப் புகழ்ந்தாலும், செல்வி பேட்ஸ் போன்றவர்கள் நேரில் எப்படியோ அப்படியே கதையிலும் சலிப்பூட்டுகிறார்கள் என்றார்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு ஆசிரியை ஓர் இடத்தில் விலை கேட்கிறார். பாக்ஸ் ஹில் என்ற குன்றுக்கு எல்லோரும் உல்லாசப் பயணம் போகிறார்கள். ஆளுக்கு ஒரு கெட்டிக்காரப் பேச்சு, அல்லது மூன்று அசட்டுப் பேச்சு பேச வேண்டும் என்று விளையாட்டு. மூன்று அசடுகள் எனக்குச் சுலபம் என்கிறார் செல்வி பேட்ஸ் வெள்ளையாக. மூன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்ற பொருளில் எம்மா குத்திவிடுகிறாள். முதலில் அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவக்கிறது. கோபித்துக்கொள்ளவும் தெரியாமல், தாம்தான் பிறருக்குத் தொல்லையாக இருந்திருக்க வேண்டும் என்கிறார். பிறகு திரு. நைட்லி எம்மாவைக் கண்டிக்கிறார். செல்வி பேட்ஸ் பணக்காரியாயிருந்தால் கேலி செய்திருக்கலாம். அவர் ஏழை, வயதாக ஆக இன்னும் ஏழையாவார். அந்த நிலையிலுள்ளவரை எல்லோர் முன்னும் அவமானப்படுத்தலாமா? எம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வீடு திரும்புகிறாள். மறுநாள் காலையே செல்வி பேட்ஸ் வீட்டுப் படியேறுகிறாள்.

செல்வி பேட்ஸ் காலஞ்சென்ற ஒரு குருவானவரின் மகள். முதிய தாயோடு வாடகை மாடியில் குடியிருப்பவர். பிறர் அனுப்பும் பண்டங்களை நன்றியோடு வாங்கிக்கொள்பவர். 1805-இல் தந்தை இறந்தபின் ஜேன் ஆஸ்டினும், அவர் அக்காள் கஸாண்ட்ராவும், தாயாரும் பெரிதும் சகோதரர்கள் கொடுத்த பணத்தின் துணையோடு காலம் தள்ளினார்கள். 1809-இல் ஓர் அண்ணன் அளித்த சாட்டன் கிராமத்து வீட்டில் குடியேறினார்கள். அங்கே இருந்துதான் 'எம்மா' எழுதப்பட்டது. மணமாகாத, பணமில்லாத பெண்ணைப் பார்த்து ஊர் எப்படிச் சிரிக்கும் என்பதை அம்மையார் யாரிடமும் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை.

நாற்பது பேரில் எங்கள் மனத்தில் நின்றவர் செல்வி ஷார்ப். ஃபேனி சிறுமியாயிருந்தபோது அந்த வீட்டில் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்த கவர்னஸ் அவர். அம்மையாரின் உற்ற தோழி. அன்பளிப்பாகக் கொடுக்கக் கிடைத்த சில பிரதிகளில் ஒன்றை அம்மையார் அவருக்கு அனுப்பினார். மாணவிக்குச் சகிக்காத எம்மாவின் புதுமையை ஆசிரியை ரசித்தார்! திருமதி எல்டனைப் புகழவே வார்த்தையில்லை என்றார். ஆனால் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் மட்டும் அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. செல்வி பேட்ஸின் மருமகளான இந்த ஜேன் கதையில் கவர்னஸ் வேலைக்குப் போக வேண்டியவள். அவ்வேலைக்கு ஆள் பிடிக்கும் அலுவலகங்களை மனித அறிவின் சந்தை என்று கசந்து பேசுகிறவள். கடைசி நேரத்தில் பணக்கார ஃபிராங்க் சர்ச்சில் அவளுக்கு மாலையிட, அந்த வேலையிலிருந்து தப்பிவிடுகிறாள்.

ஏன் திருப்தியில்லை என்று செல்வி ஷார்ப் விளக்கியதாகக் குறிப்பில் இல்லை. அவருக்கு எந்த ஃபிராங்க் சர்ச்சிலும் வரவில்லை என்பதை எண்ணிப் பார்க்கிறோம். கவர்னஸாகவே பல வீடுகளில் உழைத்த அவர், பிற்காலத்தில் லிவர்ப்பூல் அருகே சொந்தமாக ஒரு பெண்கள் பள்ளி நடத்தினார்.