பனிப் பாலத்தில் ஒரு நாய்

தருமபுத்திரர் இமயமலை ஏறிய கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். திரௌபதியும் தம்பிமாரும் வழியில் வீழ்ந்தனர். இறுதிவரை உடன் நடந்தது அழையாமல் வந்த ஒரு நாய். அதைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டாமென்றார் தருமர். இதெல்லாம் பழங்கதை என்று நகைக்கும் நேயர்களுக்கு, 1880-ஆம் வருஷத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

ஸ்காட்லாந்தில் 1838-ல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் மியூர், மலைகளையே வீடாகக் கொண்டவர். அவ்வருஷக் கோடையில் ஹால் யங் என்னும் பாதிரியாருடனும், அந்நாட்டுப் பழங்குடித் தோணிக்காரர்களுடனும் அலாஸ்காக் கரையோரம் பிரயாணம் செய்தார். பகலில் தோணி, இரவில் கரையில் கூடாரம். பாதிரியாரின் நாயான ஸ்டிக்கீனும் உடன் வந்தது. குட்டைக் கால், கறுப்பு நிறம், சிறிய உருவம். இது எதற்கு என்று மியூர் முதலில் ஆட்சேபித்தார். ஆனால் மலைக்குப் போகும்போதெல்லாம் அது அவர் பின்னாலேயே சென்றது. ஒருமுறை பனிக்கட்டி கிழித்து அதன் பாதங்களில் உதிரம் கசிந்தது கண்டு, கைக்குட்டையைக் கிழித்து நான்கு கால்களுக்கும் பாதரட்சை கட்டினார்.

ஆகஸ்டு மாத இறுதியில் ஒரு நாள், புயலும் மழையுமாக இருந்த விடியற்காலையில், மற்றவர்கள் உறங்கும்போதே, ஒரு துண்டு ரொட்டியும் பனிக்கோடரியும் எடுத்துக்கொண்டு மியூர் புறப்பட்டார். இன்று பிராடி பனியாறு எனப்படும் பெரும் பனிப்பரப்பைக் காண்பது அவர் நோக்கம். திரும்பிப் போகச் சொல்லியும் ஸ்டிக்கீன் கேட்கவில்லை. சுமார் ஏழு மைல் அகலமுள்ள அதைக் கடந்து, மாலையில் திரும்பும்போது வழியெங்கும் பிளவுகள். எட்டடி அகலமுள்ள ஒன்றைத் தாண்டியபின், எதிரே ஐம்பதடி அகலமுள்ள பாதாளம்! பின்வாங்கவும் இயலாது. குறுக்கே எழுபதடி நீளத்தில், கத்திமுனைபோல் மெலிந்து, நடுவில் தொய்ந்த பனிப் பாலம் ஒன்றே வழி.

மியூர் படி வெட்டி இறங்கினார். பாலத்தின் இருபுறமும் கால் தொங்க உட்கார்ந்து, அதன் முனையை நான்கு அங்குல அகலத்துக்குச் செதுக்கியவாறே நகர்ந்து, அக்கரையில் மீண்டும் படி வெட்டி ஏறினார். நாயைத் தூக்கி வர அவருக்குக் கை ஏது? ஸ்டிக்கீன் இக்கரையில் படுத்து ஓலமிட்டது. அதுவரை எதற்கும் அஞ்சாத நாய் அது. மியூர் அன்பாய் அழைத்தார், அதட்டினார், போய்விடுவதுபோல் பாசாங்கும் செய்தார். கடைசியில் அது ஓலத்தை நிறுத்தியது. மெள்ள இறங்கி, ஒவ்வோர் அடியாக வைத்துப் பாலத்தைக் கடந்து, படிகளில் ஒரே பாய்ச்சலாக ஏறி வந்தது! பிறகு அது ஓடிய ஓட்டத்தையும், குதித்த குதியையும், புரண்ட புரளலையும் மியூர் தம் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. இரவு பத்து மணிக்கு இருவரும் கூடாரம் சேர்ந்தனர்.

1883-ல் யாரோ ஓர் உல்லாசப் பிரயாணி அந்நாயைத் திருடிக் கப்பலில் கொண்டு சென்றான். மியூர் அதன் கதையை 1897-ல் பத்திரிகையிலும், 1909-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். அச்சமும் ஆனந்தமும் மனிதனுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை அந்தச் சிறு பிராணியிடமே கற்றதாக அவர் கருதினார்.

மூட்டை முடிச்சுடன் மலையேறுவோர் இன்றும் நாயை அழைத்துச் செல்கின்றனர். நாம் தாண்டும் பள்ளத்தை அதுவும் தாண்ட வேண்டும். நம் பசியும் குளிரும் அதற்கும் உண்டு. ஆபத்தை அறிந்து புறப்படுபவர் நாம். நம்மை நம்பிப் புறப்படுவது அது. அழையாமல் வந்த நாயாயினும், பின்தொடர்ந்த கணமே அதன் உயிர் நம் பொறுப்பாகிவிடுகிறது. தருமர் அறிந்திருந்தது இதுவே.