உள்ளங்கைக்குள் ஒரு கரடி: ஸூனி மக்களின் கல் விலங்குகள் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரு குட்டிக் கரடி. டர்காய்ஸ் எனப்படும் பச்சைநீலக் கல்லில் செதுக்கியது. முதுகில் நூலால் கட்டிய ஒரு சின்ன அம்புமுனை. வாயிலிருந்து மார்பு வரை போகும் ஒரு கோடு. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலக் கைவினைக் கடைகளில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பார்க்க அழகான பொம்மைதான். ஆனால், அந்தப் பழங்குடிக்கு இது வழிபாட்டோடும் வயிற்றுப்பாட்டோடும் சேர்ந்த விஷயம்.

யார் இந்த ஸூனி மக்கள்?

நியூ மெக்ஸிகோவின் மேற்கு ஓரத்தில் வாழும் பூர்வகுடிகள். தங்களை 'அஷிவி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். இவர்களுடைய மொழிக்கும் உலகின் வேறெந்த மொழிக்கும் உறவு இருப்பதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

கல்லுக்குள் உயிர் வந்தது எப்படி?

ஸூனி மக்களின் தொன்மக் கதைப்படி, உலகம் புதிதாக இருந்தபோது கொடிய விலங்குகள் மனிதர்களை வேட்டையாடின. சூரியனின் இரட்டைப் பிள்ளைகள் மின்னலால் அவற்றைக் கல்லாக்கினார்கள். உடல்தான் கல்லானது, உள்ளே இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது என்பது நம்பிக்கை. அதனால்தான், இயற்கையாகவே விலங்கு உருவில் கிடைக்கும் கல்லுக்கு மதிப்பு அதிகம். வாயிலிருந்து போகும் அந்தக் கோடு, உள்ளே இருக்கும் உயிர்மூச்சின் பாதை.

எந்தத் திசைக்கு எந்த விலங்கு?

ஸூனி மக்களுக்குத் திசைகள் 4 அல்ல, 6. வடக்குக்கு மலைச்சிங்கம், மேற்குக்குக் கரடி, தெற்குக்கு மண்ணைத் தோண்டி வாழும் பேட்ஜர், கிழக்குக்கு ஓநாய், மேலே வானத்துக்குக் கழுகு, கீழே பூமிக்கு அகழெலி. ஒவ்வொரு திசைக்கும் தனி நிறமும் உண்டு. வடக்கு மஞ்சள், மேற்கு நீலம், தெற்கு சிவப்பு, கிழக்கு வெள்ளை, வானம் பல வண்ணம், பூமி கறுப்பு.

இந்த விவரங்களை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஃப்ராங்க் ஹாமில்டன் குஷிங். 1879-ல் அங்கே போன இந்த ஆய்வாளர், நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அம்மக்களோடு தங்கினார். கல் விலங்குகள் பற்றிய அவரது ஆய்வு 1883-ல் வெளியானது.

அப்போ, கடையில விக்கிறதும் சாமியா?

இல்லை. சடங்குக்கு உரிய கல் விலங்குகளை மண்பானைகளில் பாதுகாத்து, சோள மாவை உணவாகப் படைப்பார்கள். அவை விற்பனைக்கு அல்ல. உரிய சடங்கு நடந்தால்தான் ஒரு கல் புனிதமாகும். கடைக்கு வருவது கலைப்பொருள் மட்டுமே.

20-ஆம் நூற்றாண்டில் வணிகர்களும் சுற்றுலாப் பயணிகளும் விரும்பி வாங்க ஆரம்பித்ததும், செதுக்குவது குடும்பத் தொழிலாக வளர்ந்தது. 1966-ல் மறைந்த லீக்யா டெயூஸே இதில் பெரிய பெயர். அவர் வாரிசுகளும் உளியை விடவில்லை. இன்று மின்சாரக் கருவிகள் வந்துவிட்டன. பவளம், சிப்பி, மான் கொம்பு என எல்லாவற்றிலும் செதுக்குகிறார்கள். தவளை, ஆமை தொடங்கி டைனோசர் வரை உருவாகின்றன.

பிரச்சினை எங்கே?

போலிகளில். வெளிநாட்டில் மலிவாகச் செய்த பொருளை 'பூர்வகுடிகள் செய்தது' என்று விற்றால், கையால் செதுக்கும் குடும்பம் அந்த விலையோடு போட்டி போடவே முடியாது. ஊரில் பல வீடுகளில் அடுப்பெரிவது இந்தக் கலையால்தான்.

இதைத் தடுக்க அமெரிக்காவில் 1990-ல் சட்டம் வந்தது. பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்றால், முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை, 2.5 லட்சம் டாலர் வரை அபராதம். 2015-ல் நியூ மெக்ஸிகோவில் நடந்த சோதனைகளில், பிலிப்பைன்ஸில் செய்த நகைகள் பூர்வகுடி நகைகளாக விற்கப்பட்டது அம்பலமானது. அந்த விவகாரத்தில் 2018-ல் ஒரு வியாபாரிக்கு 6 மாதச் சிறை கிடைத்தது.

ஆனால், ஒரு ஓட்டை இருக்கு. அதே மாதிரி செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. பொய் சொல்லி விற்பதைத்தான் தடுக்கிறது.

வாங்குறவங்க என்ன கவனிக்கணும்?

செதுக்கியவர் பெயர், அவருடைய பழங்குடி, கல்லின் வகை ஆகிய மூன்றையும் கேட்டு, ரசீதில் எழுதி வாங்க வேண்டும். இன்று பலர் அடிப்பகுதியில் பெயரையோ முதலெழுத்தையோ பொறிக்கிறார்கள். 'ஸூனி பாணி' என்று மட்டும் எழுதியிருந்தால், செய்தது யார் என்று கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லாமல் மழுப்பினால், வாங்காமல் வந்துவிடுவதே நல்லது.