படம் வருகிறது என்பது சான்றாகாது

பூவரசங்குளத்தில் ஒரு கோயில் திருவிழாவை நேரலையாகக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். கமரா தேர்முட்டியடியில் நிற்கிறது. மிக்ஸர் மேசை மடத்துக்குள் இருக்கிறது. நடுவே நூறு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த வெளி. கேபிளைத் தெரிவு செய்பவர் இணைத்துப் பார்ப்பார், படம் வந்தால் சரி என்பார். அனலொக் காலத்தில் அந்தச் சோதனை போதுமானதாக இருந்தது. கேபிள் நீள நீளப் படம் மங்கும், புள்ளி விழும்; கண்ணே அளவுகோல். டிஜிட்டலில் ஒன்றையும் சுழியத்தையும் பிரித்தறிய முடிகிற வரை படம் பளிச்சென்று நிற்கும். எல்லை வந்ததும் சில மீற்றருக்குள் சிதறிக் கறுத்துவிடும். "ஒன்றும் சுழியமும்தானே, எந்த வயரும் போதும்" என்பார்கள். கேபிளுக்குள் ஓடுவது எண் அல்ல, மின்னழுத்த அலை. அலை தேய்வதைப் படம் நமக்குச் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல்.

கமராப் படத்தை ஒற்றைக் கோஅக்சியல் கேபிளில் அனுப்பும் எஸ்டிஐ முறையில் எச்டி படம் செக்கனுக்கு 148.5 கோடி பிட்டுகளாகப் போகிறது. அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் செப்பின் மேற்தோலுக்கு ஒதுங்கும். ஒரு கிகாஹேர்ட்ஸில் அந்தத் தோலின் தடிப்பு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான். பாதை ஒடுங்குவதால் இழப்பு கூடுகிறது: அதிர்வெண் நான்கு மடங்கானால் டெசிபெல் கணக்கில் இழப்பு ஏறத்தாழ இரு மடங்கு. எச்டிக்கு 20 டெசிபெல் இழப்பை, அதாவது அனுப்பிய வலுவில் நூறில் ஒரு பங்கு மட்டும் வந்து சேர்வதை, எல்லையாகக் கொள்வது வழக்கம். தரமான ஆர்ஜி 6 வகைக் கேபிளில் அது சுமார் 110 மீற்றர். வேகம் இரு மடங்கான 3ஜி எஸ்டிஐயில் 75 மீற்றரளவு. செக்கனுக்கு 27 கோடி பிட்டு அனுப்பிய பழைய எஸ்டி கமராவுக்கோ 300 மீற்றரும் தாங்கும். பழைய கமராவுக்குப் பல வருடம் உழைத்த கேபிள் புதிய கமராவுக்குக் கைவிடுவது இதனால்தான். கேபிள் பழுதாகவில்லை, கேட்கப்படும் வேலை மாறிவிட்டது. ஆர்ஜி 59 மெலிது, இன்னும் முன்னதாகவே நின்றுவிடும். ஆர்ஜி 11 தூரம் போகும். ஆனால் தடிப்பு, சுருட்டி விரிக்கக் கை வலிக்கும்.

டிஷ் அன்டெனாவுக்கு விற்கும் மலிவான ஆர்ஜி 6 கேபிளில் நடுக்கம்பி பெரும்பாலும் செப்புப் பூசிய உருக்கு. ஒரு காந்தத்தைக் கிட்டப் பிடித்தால் தெரிந்துவிடும். மின்னோட்டம் தோலில்தானே ஓடுகிறது, உள்ளே உருக்கு இருந்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. டிஷ் அலைக்கு, 950 முதல் 2150 மெகாஹேர்ட்ஸ் வரை, அது சரிதான். எஸ்டிஐ அலையிலோ மிகத் தாழ்ந்த அதிர்வெண்களும் கலந்திருக்கின்றன. அவற்றுக்குத் தோல் தடிப்பு. மின்னோட்டம் உருக்குக்குள் இறங்கி இழப்பைக் கூட்டும். மறுமுனையில் இழப்பை ஈடுசெய்யும் சுற்று செப்பின் கணக்கை நம்பி வடிவமைக்கப்பட்டது; கணக்குப் பிசகினால் அது திருத்தும் திருத்தமும் பிசகும். டிஷ்ஷில்கூட, அலையை வாங்கும் தலைப்பகுதிக்கு 13 அல்லது 18 வோல்ற் இதே கம்பியில்தான் ஏறுகிறது. அந்தக் கம்பியின் மின்தடை முழுச் செப்பைவிட நான்கைந்து மடங்கு என்பதால், நெடுந்தூரத்தில் 18 வோல்ற் உரிய அளவில் சேராது.

கடைசியில் ஒரு பூஸ்டர் போட்டால் போதாதா? அது தேய்ந்த அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். பிட்டுகளை மீளச் சீராக்கும் கருவியை எல்லைக்கு முன்பே, இடைவழியில் வைக்க வேண்டும். அங்கே கரண்டும் வேண்டும். ஒளியிழை இதைவிட நல்லது என்பதை மறுக்க முடியாது. இருநூறு மீற்றர் என்றால் அதையே எடுக்க வேண்டும். இடிமின்னல் காலத்தில் பாதுகாப்பும் கூட. ஆனால் வண்டிச் சில்லு ஏறி அறுந்தால் ஒட்டும் கருவி திருவிழா வெளியில் கிடைக்காது. செப்புக் கேபிளுக்குப் புதிய பிஎன்சி முனையைச் சில நிமிடத்தில் நசுக்கிப் பூட்டலாம். ஆகவே எச்டிக்கு நூறு மீற்றருக்குள் முழுச் செப்புக் கேபிளே என் தெரிவு, ஒரு சோதனையோடு: வேலைக்குரிய கேபிளுடன் இன்னும் இருபது மீற்றரைச் சேர்த்து மாட்டிப் படம் நிற்கிறதா என்று பார்ப்பது. நின்றால் அந்த இருபதைக் கழற்றிவிட்டு விழாவுக்குப் போகலாம். மாரி மழையில் முனைக்குள் ஈரம் இறங்கினாலும் ஈடுகொடுக்க அந்த மிச்சம் இருக்கும்.