வயிற்று வலி என்று எழுதிய லீவு

புனேயில் பழைய டீக்கடைகளின் பலகையில் 'அம்ருத்துல்யா' என்று எழுதியிருக்கும். அமுதத்துக்கு நிகர் என்று பொருள். பித்தளைப் பாத்திரத்தில் பாலும் தூளும் ஏலக்காயும் சேர்ந்து கொதித்து, துணியில் வடிகட்டி வரும். கராடியில் அப்படி ஒரு கடையில்தான் அந்தத் தம்பியைச் சந்தித்தேன். தென்காசிப் பக்கத்துப் பையன். கால் சென்டரில் ஹெட்செட் மாட்டிப் பேசிக்கொண்டிருந்தவன், இப்போதுதான் டி.எல்., அதாவது டீம் லீடர், ஆகியிருக்கிறான். உட்கார்ந்ததும் போனில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து நீட்டினான்.

"அக்கா, இந்த மாசம் என் டீம்ல ஒன்பது சிக் லீவ். எல்லாம் பொண்ணுங்க. அதுல ஆறு 'ஸ்டமக் பெயின்'. ஷ்ரிங்கேஜ் ஏறிப்போச்சுன்னு மேனேஜர் என்னைப் பிடிக்கிறார். நிஜமாவே எல்லாருக்கும் வயிறு வலிக்குமா?"

ஷ்ரிங்கேஜ் என்றால், சம்பளக் கணக்கில் இருந்தும் அழைப்பை எடுக்க ஆள் இல்லாத நேரம். லீவு, பயிற்சி, இடைவேளை எல்லாம் அதில் அடக்கம். ஒரு பெண்ணின் காய்ச்சல் அந்த ஷீட்டுக்கு வந்து சேரும்போது ஒரு சதவீதமாகத்தான் வந்து சேரும்.

"வலிக்கும் தம்பி. ஆனா ஆறும் ஒரே வலியா இருக்காது" என்றேன். பதினோரு வருஷம் நானும் ஹெட்செட் மாட்டி அழைப்பு எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவள். ஆம்பளை டி.எல்.லுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூச்சப்படாத ஒரே சொல் 'ஸ்டமக் பெயின்'. அந்தச் சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவனுக்குப் பிரித்துச் சொன்னேன்.

முதலாவது மாதவிடாய். கருப்பையின் உள்சவ்வு உரியும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து கருப்பையை இறுக்குகிறது. இறுகும்போது ரத்த ஓட்டம் குறைகிறது, அதுதான் வலி. அதே பொருள் குடலையும் கிளறிவிடுவதால் சிலருக்குப் பேதியும் குமட்டலும் கூடவே வரும். வீட்டில் சுருண்டு படுத்தால் இரண்டு மணி நேரத்தில் தணியக்கூடிய வலி, எட்டு மணி நேரம் ஏ.சி. குளிரில் நிமிர்ந்து உட்கார்ந்து, "உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?" என்று இனிமையாகக் கேட்க வேண்டியிருந்தால் தணியாது. இதோடு ரத்தசோகை வேறு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் மகாராஷ்டிரத்தில் 54.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் தமிழ்நாட்டில் 53.4. உன் டீமில் பாதிப் பேர் ஏற்கெனவே களைத்த உடம்போடுதான் லாகின் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள் என்றேன். பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் மாதவிடாய் விடுப்பு கொடுக்கத் தொடங்கியது 1992இல். கர்நாடகம் தனியாருக்கும் சேர்த்து வருஷத்துக்கு 12 நாள் என்று முடிவெடுக்க 2025 ஆனது.

இரண்டாவதைச் சொல்லும்போது தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அது மூத்திரக் கடுப்பு. ஃப்ளோரில் கழிப்பறைக்குப் போவதற்குப் பெயர் 'பயோ பிரேக்'. சாட்டில் கேட்க வேண்டும், க்யூவில் அழைப்புகள் காத்திருந்தால் "கொஞ்சம் பொறு" என்று பதில் வரும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஷிப்டுக்கு மொத்தம் பத்து நிமிஷம்தான் அனுமதி. அதற்குப் பெண்கள் கண்டுபிடிக்கும் வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. என் பாட்டில் ஷிப்ட் முடியும்போதும் கழுத்து வரை நிறைந்தே இருக்கும். பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாயின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். ஆணுக்கு அதைப்போல் ஐந்து மடங்கு. கிருமி சிறுநீர்ப்பைக்குப் போய்ச்சேர அவ்வளவு குறுக்குவழி. தண்ணீரும் குடிக்காமல் அடக்கியும் வைத்தால், கழுவி வெளியேற்றும் வேலை நடக்காது. அடிவயிறு கடுக்கும், குளிர் நடுங்கிக் காய்ச்சல் வரும். இந்த ஒரு லீவை உருவாக்கியது அந்தப் பத்து நிமிஷக் கணக்குதான்.

மூன்றாவது, வேளை தப்பிய சாப்பாடு. நள்ளிரவு ஒரு மணிக்கு இரைப்பை வேலை செய்யும் வேகம் வேறு. அந்த நேரத்தில் வடாபாவும் காபியும் உள்ளே போய், விடிந்ததும் படுத்தால் நெஞ்செரிச்சல் வராமல் என்ன செய்யும்?

நான்காவது வயிறு அவளுடையதே இல்லை. குழந்தையுடையது, அல்லது மாமியாருடையது. பிள்ளைக்கு வாந்தி என்று லீவு கேட்டால் "வீட்ல வேற யாரும் இல்லையா?" என்ற கேள்வி வரும். தனக்கே நோவு என்றால் அந்தக் கேள்வி இல்லை. 2024இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிஷம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிஷம். இரவு ஷிப்ட் முடித்துக் காலை ஐந்து மணிக்கு வருகிறவளுக்கு ஆறு மணிக்குப் பால் பொங்க வேண்டும், எட்டு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும்.

"தொண்டைன்னு யாருமே எழுதலையே அக்கா" என்றான். எழுத மாட்டார்கள், ஏனென்றால் பேச முடியாமல் போன பிறகும் வந்து உட்காருவார்கள். பேசும்போது பெண்ணின் குரல்நாண் நொடிக்குச் சுமார் 200 முறை அதிரும். ஆணுடையது 120 முறை. இடைவிடாமல் ஒரு மணி நேரம் குரல் எழுப்பினால் ஏழு லட்சம் தடவை அந்த மெல்லிய சதை ஒன்றோடொன்று மோதுகிறது. வறண்ட ஏ.சி. காற்றும் குடிக்காத தண்ணீரும் சேர்ந்தால் வீங்கிப்போகும், நாளடைவில் காய்த்துப்போய் முடிச்சு விழும். ஒரு டிசம்பரில் எனக்குக் குரல் அடியோடு போய்விட்டது. டாக்டர் பத்து நாள் வாய் திறக்காதே என்றார். மூன்றாம் நாளே அழைப்பு எடுக்க உட்கார்ந்தேன். இன்றைக்கும் உச்சத்தில் பாட வராது.

தூக்கத்தைப் பற்றி அவனுக்கே தெரியும். அழைக்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள்; நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் 7.30. அந்த ஒரு மணி நேரத்துக்கும் இங்கே ரோஸ்டர், கேப், பிள்ளையின் பள்ளி வேன் எல்லாம் நகர வேண்டும். இருட்டில் சுரந்து தூங்க வைக்கும் மெலடோனின் விளக்கு வெளிச்சத்தில் குறைந்துவிடுகிறது, மாதவிடாய்ச் சுழற்சி தடுமாறுகிறது. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு ஷிப்டைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியவற்றின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அதே முடிவுக்கே வந்தது.

அதே 2007 நவம்பரில்தான் புனேயில் இரவு ஷிப்டுக்குக் கிளம்பிய ஒரு பிபிஓ பெண்ணை, அவளை ஏற்றிப்போக வந்த கேப் ஓட்டுநரும் அவன் கூட்டாளியும் சேர்ந்து சிதைத்துக் கொன்றார்கள். தூக்குத் தண்டனை கிடைத்தது. அதை நிறைவேற்றுவதில் நடந்த தாமதத்துக்காக 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் 35 வருஷச் சிறையாகக் குறைத்தது. அந்தக் கொலைக்குப் பிறகு, பெண் தனியாக முதலில் ஏறக்கூடாது, கடைசியில் இறங்கக்கூடாது, காவலர் கூடவர வேண்டும் என்ற ஏற்பாடுகள் இறுகின. தேவையான ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐ.டி. பகுதியான ஹிஞ்சேவாடியில் இருந்து ஊரைச் சுற்றி எல்லோரையும் இறக்கிக்கொண்டு வரும் கேப்பில் கழியும் நேரம் அவள் தூக்கத்தில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. கண்ணை மூடினாலும் பாதித் தூக்கம்தான், வண்டி எந்த ரோட்டில் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே வருவாள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஆர்லி ஹோக்‌ஷீல்டு என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதிய புத்தகத்தில், புன்னகையை விற்பதும் உழைப்புதான் என்றார். திட்டுகிறவனிடம் மன்னிப்புக் கேட்டு, மியூட் போட்டு ஒரு நிமிஷம் அழுது, அடுத்த அழைப்பில் குரலைத் தேனாக்குகிற வேலை அது. பெண் குரல் என்றால் அசிங்கமாகப் பேசுகிறவர்களும் உண்டு. ராபர்ட் கராசெக் 1979இல் இன்னும் துல்லியமாகச் சொன்னார்: வேலை கடினமாக இருப்பது மட்டும் மனிதரை இப்படி முறிப்பதில்லை. கடினமாகவும் இருந்து, அதில் தானாக முடிவெடுக்க எதுவுமே இல்லாதபோதுதான் முறிக்கிறது. என்ன பேச வேண்டும், எத்தனை நிமிஷம், எப்போது எழ வேண்டும் என்று எல்லாம் திரையில் வரும் இந்த வேலையை மனதில் வைத்து எழுதியது போலவே இருக்கும். அவள் கையில் மிஞ்சுகிற ஒரே முடிவு, இன்றைக்கு வரவில்லை என்பதுதான்.

தம்பி இரண்டாவது டீ சொன்னான். "ஊர்ல எங்க அக்காவுக்கு சிக் லீவு தனியா இருக்கே. இங்க எப்படி?"

நல்ல கேள்வி. தமிழ்நாட்டின் 1947ஆம் வருஷக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் ஈட்டிய விடுப்பு என்று தனித்தனியாக உண்டு. மகாராஷ்டிரத்தின் 2017ஆம் வருஷச் சட்டத்தில் தற்செயல் விடுப்பு 8 நாள், அதோடு ஈட்டிய விடுப்பு. நோய்க்கென்று தனி விடுப்பு இல்லை, கம்பெனி தானாகக் கொடுத்தால் உண்டு. இரவு 9.30க்கு மேல் பெண்ணின் சம்மதம் வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆபர் லெட்டரில் கையெழுத்துப் போடும்போதே அந்தச் சம்மதமும் போய்விடுகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, நோய்க்காலத்தில் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஒரு நாள் வயிற்று வலிக்காரிக்கு அது உதவாது.

"சட்டம் என் கையில இல்லக்கா. க்யூவும் என் கையில இல்ல."

பயோ பிரேக்குக்குக் கேட்காமல் எழலாம் என்று சொல்வது உன் கையில் இருக்கிறது என்றேன். ஷிப்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள விடுவதும், என்ன வலி என்று துருவாமல் இருப்பதும் கூட.

"எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து போயிட்டா?"

எங்கள் ஃப்ளோரில் ஒரு டி.எல். அப்படி விட்டுப் பார்த்தார். ஒருத்தி எழுந்து போனால் பக்கத்து ஸீட்காரி ஒரு காதில் இருந்து ஹெட்செட்டை நகர்த்தி, அவள் திரும்பி வரும் வழியைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இவள் எழுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.